வலியறிதல்

திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுத் தரையில் ரத்தக் காலடிகளைப் பார்த்தேன். 2022 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. முன்வாசல் படியில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அடுக்களை வரைக்கும் அவை போயிருந்தன. எல்லாமே வலது கால். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவால் பதிக்கும் பிஞ்சுக் கால்களைப் போல இடைவெளி பிசகாமல் ஓர் ஒழுங்கு. இடது காலுக்கு உரிய இடங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. கூடத்தில் இருந்தவை காய்ந்து பழுப்பேறியிருந்தன. அடுக்களை வாசலில் இன்னும் ஈரம்.

அம்மா அடுப்பின் முன் நின்று தேயிலை போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின இரவு கோட்டாறு சவேரியார் கோயில் தேர் பார்க்கப் போய்விட்டு வந்தவள். செருப்பில்லாமல் தேருக்குப் பின்னால் நடப்பது அவளுடைய ஐம்பதாண்டு வழக்கம். (எங்கள் ஊரில் நாகராஜா கோயிலுக்குப் போகிற கால்கள்தாம் சவேரியார் கோயிலுக்கும் போகும். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டு மத நல்லிணக்கம் என்று வியப்பார்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்குப் போய்வருவது போல.) அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதை தடித்த இடத்தில், ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அரை விரற்கடை நீளம் இருக்கும். தேரோடும் வீதியில் உடைந்த சோடாப் புட்டியாக இருக்கலாம்.

"என்னத்துக்கு இப்பிடி பதறுக மக்களே? எனக்கு ஒரு நோவும் இல்லல்லா" என்றாள் அம்மா.

இரவெல்லாம் அந்தச் சில்லோடு நடந்திருக்கிறாள், உறங்கியிருக்கிறாள், எழுந்து பல் துலக்கி அடுப்பு மூட்டியிருக்கிறாள். நான் சில்லைப் பிடுங்கியபோதும் அவள் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. பாலைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்குச் சொன்னாள்.

*

அந்த வாரம் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்தது திருக்குறளின் 48ஆவது அதிகாரமான வலியறிதல். பகைமேல் செல்லும் அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட வேண்டும் என்பது அதன் பொருள். தேர்வுத்தாளில் ஒரு மாணவி, 'பிறருக்கு வலிக்கும் என்பதை அரசன் அறிந்திருக்க வேண்டும்' என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் கோடிட்டேன். பழந்தமிழில் வலி என்றால் பலம். இன்றைக்கு நாம் வலி என்று சொல்வதற்குப் பழைய சொல் நோ. அதிலிருந்து நோவு, நோதல், நோய் எல்லாம் வந்தன. வள்ளுவரிடம் அறத்துப்பாலில் நோய் என்பது வந்துற்ற துன்பம். பொருட்பாலில் மருந்து அதிகாரத்தில் அது உடற்பிணி. காமத்துப்பாலில் காதல் துயரம். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். நோவது எதுவோ அது நோய்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு இந்த இலக்கணம் உதைத்தது. நோவாத நோய்க்கு என்ன பெயர்? அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அது எங்களுக்கு மாத்திரைப் பட்டியலாகவும், பாயசம் வேண்டாம் என்னும் சண்டையாகவும் மட்டுமே தெரிந்திருந்தது. அது இத்தனை காலமாகக் கால் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒன்றொன்றாக அணைத்துக்கொண்டே வந்ததை யாரும் அறியவில்லை. அறிவிக்க வேண்டியதைத்தான் அது முதலில் அணைத்திருந்தது.

மருத்துவமனையில் ஒரு நைலான் இழையை வைத்துச் சோதித்தார்கள். மீன்பிடித் தூண்டில் நரம்பு போன்ற ஒன்று, கைப்பிடியில் பொருத்தப்பட்டது. தோலில் அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளைந்துவிடும். அந்த அழுத்தம்கூடத் தெரியாத கால், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத கால் என்று கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அம்மா நல்ல மாணவி. தோற்க விரும்பாதவள். "தொட்டாச்சு" என்றாள். அந்தப் பெண் தொடவில்லை. தொட்டபோது அம்மா பேசாமலிருந்தாள். சற்று நேரம் கழித்து, எங்கோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகத்தில், "இப்பவும் தொட்டாச்சு" என்றாள். சோதித்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பத்து இடங்களில் எட்டு இடம் அம்மாவுக்குத் தெரியவில்லை.

மரத்துப்போச்சு என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் மரம் நிற்பது அன்றுதான் என் காதில் விழுந்தது.

*

புண் ஆறியதும் ஒரு செருப்பு எழுதிக்கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். கருத்த அடித்தட்டு, நடுவே மெத்தென்ற ரப்பர், மேலே இரண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். ஆணி கிடையாது, பசையும் தையலும்தான். பின்வார் எதற்கென்றால், மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

அம்மா அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"இத நான் போடமாட்டேன், கேட்டியா. இது அவனுவ போடுத செருப்புல்லா?"

எவனுவ என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும். 1980களின் கடைசியில், கம்போளத்துக்குத் திரும்பும் முனையில் ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். மூக்கு அமுங்கியிருக்கும். விரல்கள் முதல் கணுவோடு நின்றிருக்கும். பீடியை இரண்டு கட்டைகளுக்கு நடுவே இடுக்கிக் குடிப்பார். நெருப்பு தோலைத் தொட்டு, தோல் கருகும் வாடை எங்களுக்கு வந்த பிறகும் அவர் புகைத்துக்கொண்டிருப்பார். அவர் காலில் இந்தச் செருப்புதான் கிடந்தது, இதே கருப்பு, இதே பின்வார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா அவருக்குச் சில்லறை போடுவாள். இடுப்பு உயரத்திலிருந்து போடுவாள். தகரத்தில் காசு விழுந்து துள்ளும் ஓசை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. போட்டுவிட்டு என் கையைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கு இழுத்துக்கொள்வாள். ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

அம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை அவள் பிற்பாடு டாக்கீஸில் மறுவெளியீட்டில் பார்த்தவள். எம்.ஆர். ராதாவின் குரலை நாமெல்லாம் நகைச்சுவைத் துணுக்குகளாகவே ரசித்துவிட்டோம். அந்தப் படம் அவள் தலைமுறைக்குக் கற்பித்தது வேறு. ஆட்டம் போட்டவனுக்கு வரும் நோய் அது, உடம்பு எழுதிக் காட்டும் தீர்ப்பு. எனவே அந்தச் செருப்பை மாட்டிக்கொள்வது, செய்யாத குற்றத்துக்கு ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது போல அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

செருப்பு மூன்று வாரம் அட்டைப்பெட்டியில் கிடந்தது. அந்த மூன்று வாரத்தில்தான் நான் எனக்குச் சம்பந்தமில்லாத நூல்களைப் படிக்கத் தொடங்கினேன்.

*

பால் பிராண்ட் என்ற பெயரை முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மிஷனரி. 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அன்றைக்குத் தொழுநோய் பற்றி மருத்துவ உலகமே நம்பியது, சதை அழுகி விரல் உதிர்கிறது என்று. பிராண்ட் நோயாளிகளோடு நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். விரல் உதிரவில்லை. பூட்டுத் திறக்காதபோது ரத்தம் வரும்வரை சாவியைத் திருகினார்கள். அடுப்பில் விழுந்த கிழங்கைக் கையைவிட்டு எடுத்தார்கள். சிலருக்கு இரவு உறங்கும்போது இருந்த விரல் காலையில் இல்லை. மருத்துவர்கள் இரவில் காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துத் தின்றது தெரிந்தது. கடிபட்டவர் விழிக்கவேயில்லை. அதன் பிறகு குணமாகி வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனை கொடுத்து அனுப்பும் வழக்கம் வந்ததாம். நோய்க்கிருமி செய்வது ஒன்றே ஒன்று: நரம்பைக் கொல்வது. மற்றதையெல்லாம் வலியில்லாத வாழ்க்கை செய்துவிடுகிறது.

வேலூரிலும் பிறகு 1955இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் இந்தப் புரிதலிலிருந்துதான் செருப்பு ஆராய்ச்சி பிறந்தது. எந்த ரப்பர் மெத்தென்றிருக்கும், எது முள்ளைத் தாங்கும், அழுத்தம் பாதத்தில் எப்படிப் பரவும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த பொருள் எம்.சி.ஆர். அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற ஒருவர் தம் காலத்தில் பெரும்பகுதியைச் செருப்பில் செலவிட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, நம்முடைய பெரிய மனிதர்கள் மீது எனக்கிருந்த அளவுகோல் கொஞ்சம் நகர்ந்தது.

பிராண்ட் பிற்காலத்தில் அமெரிக்காவின் லூசியானாவில், கார்வில் மருத்துவமனையில், செயற்கை வலி செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தமானிகளைத் தைத்து, அளவு மீறினால் ஒலி எழும்படி வைத்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அக்குளில் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார். அதிர்ச்சி தரக்கூடிய வேலையைச் செய்ய வேண்டி வந்தால், அவர்கள் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பல ஆண்டு உழைப்பும் பெரும்பணமும் அங்கே நின்றன. கழற்ற முடிகிற வலி வலியல்ல என்று அவர் புரிந்துகொண்டார். கழற்ற முடியாதபடி அதை உடம்புக்குள் பூட்டி வைப்பது எது?

இந்தக் கேள்வியை எங்கள் கல்லூரி விலங்கியல் துறை நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மறுநாள் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ரீட்டா லெவி மொண்டால்சினியின் தன்வரலாறு. ஆங்கிலத்தில் 1988இல் வந்தது.

*

இலக்கியம் படித்தவர்கள் இந்த நூலைப் படிக்க வேண்டும் என்று சொல்வேன். விஞ்ஞானத்துக்காக மட்டுமல்ல. 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மருத்துவம் படித்தவர். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளின. படுக்கையறையில் ஆய்வகம் அமைத்தார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கத்தி செய்துகொண்டார். ஆய்வுப் பொருள் கோழிமுட்டை. பண்ணைக்காரர்களிடம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கருக்கூடிய முட்டைதான் சத்து என்று சொல்லி வாங்கினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. கருவை எடுத்துக்கொண்ட பிறகு மிச்ச முட்டை வீட்டில் ஆம்லெட் ஆகியிருக்கிறது. அண்ணன் ஒருநாள் அதைக் கண்டுபிடித்ததோடு அந்தச் சாப்பாடு நின்றது.

கருவில் நரம்பு எப்படித் தன் இடத்தைத் தேடிப்போகிறது என்பது அவருடைய கேள்வி. கை முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால், அந்தக் கைக்குச் செல்ல வேண்டிய நரம்பணுக்கள் முதுகுத்தண்டின் அருகே பிறக்கின்றன, வளர்கின்றன, பிறகு செத்துப்போகின்றன. போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து ஏதோ ஒன்று அவற்றுக்கு வராததால் சாகின்றன என்று அவர் கருதினார். போர் முடிந்த பின் 1947இல் செயின்ட் லூயிஸுக்கு, விக்டர் ஹாம்பர்கரின் ஆய்வகத்துக்குப் போனார். ஒரு வகை எலிக் கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்புகள் வெறிகொண்டு அதை நோக்கி வளர்வதை ஹாம்பர்கரின் மாணவர் புய்க்கர் 1948இல் எழுதியிருந்தார். 1952இல் ரீட்டா கட்டியுள்ள இரண்டு எலிகளோடு விமானம் ஏறி ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கே கண்ணாடித் தட்டில் ஒரு நரம்பு முடிச்சை வைத்து, அருகில், தொடாமல், கட்டித் துணுக்கை வைத்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர்போல நரம்பிழைகள் எழுந்து நின்றன. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது.

அது என்ன என்று பிரித்தறிய வந்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதி ஒன்று வேண்டியிருந்தது. அந்த நொதி மிகுந்திருப்பது பாம்பின் விஷத்தில். சிறிது விஷத்தைச் சேர்த்தார்கள். வளர்ச்சி நின்றால் நியூக்ளிக் அமிலம், நிற்காவிட்டால் புரதம் என்பது திட்டம். வளர்ச்சி நிற்கவில்லை. பல மடங்கு பெருகியது. கட்டியில் இருந்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவோடு அதே பொருள் விஷத்தில் இருந்தது. 1956இல் இதை வெளியிட்டார்கள். பாம்பின் விஷப்பை உமிழ்நீர்ச் சுரப்பியின் மாற்றுருவம்தானே என்று கோஹன் எண்ணி, ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அங்கும் நிறைய இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக என்.ஜி.எஃப். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹாம்பர்கரை விட்டுவிட்டார்கள்; அது குறித்த வருத்தம் இன்றுவரை உண்டு. ரீட்டா 2012 டிசம்பர் 30 அன்று, 103 வயதில் இறந்தார்.

நாகர்கோவிலில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்கு ஒரு கணம் சிலிர்க்காமல் இருக்குமா? நல்ல பாம்பின் விஷத்திலும் இந்தப் புரதம் உண்டு. அதன் அமினோ அமில வரிசையில் ஒரு பகுதியை 1976இல் படித்துவிட்டார்கள். கோட்டாற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாகராஜா கோயில். கருவறைக்கு ஓலைக்கூரை. பிரசாதம் புற்றுமண். நாகராஜாவை வணங்கி ஓர் அரசனின் தோல்நோய் நீங்கிய கதையை எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். இதையும் அதையும் முடிச்சுப் போட்டு, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று எழுதுகிற ஆட்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நான் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. விஷத்தில் மருந்து இருக்கும் என்று கோஹனே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஆயில்யத்தன்று பால் ஊற்றப்போன அம்மாவோடு நானும் போனேன் என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

*

அந்தப் புரதம் உடம்பில் என்ன செய்கிறது என்பதை விலங்கியல் நண்பர் எனக்கு மூன்று மாலைகளில் புரியவைத்தார். தோல் அதை மிகச் சிறிதளவு சுரக்கிறது. வலியையும் வெப்பத்தையும் உணரும் மெல்லிய நரம்பின் நுனி அதை வாங்கிக்கொள்கிறது. நுனியில் ட்ரக்-ஏ என்ற வாங்கி இருக்கிறது. வாங்கியும் புரதமும் ஒன்றாக ஒரு சிறு பொதிக்குள் அடைபட்டு, நரம்பின் உள்ளேயே மேல்நோக்கிச் சுமந்து செல்லப்படுகின்றன. கால் பெருவிரலில் புறப்பட்டால் இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பருகே உள்ள அணுவின் உடலுக்குச் சென்று சேர வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர். அணுவின் அளவை நினைத்தால் அது கன்னியாகுமரியிலிருந்து காசிக்குப் போவது போல. பொதி வந்து சேர்ந்தால், அங்கே தோல் இருக்கிறது, நம் வேலை இருக்கிறது என்று அணு அறிந்துகொள்கிறது. கருப்பருவத்தில் பொதி வராத அணு சாகிறது. தேவைக்கு மேல் அணுக்களைப் பெற்றுப்போட்டு, உணவு கிடைத்தவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது உடம்பு. வளர்ந்த பிறகு அணு உடனே சாவதில்லை. ஆனால் பொதி குறைந்தால் உணர்ச்சி மழுங்குகிறது. நரம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு முன்னதாக இடர் வருகிறது. சர்க்கரை நோயில் விரல் நுனியில் தொடங்கிக் காலுறை போட்ட அளவுக்கு மரத்துப்போவது அதனால்தான்.

இந்தப் புரதம் இல்லாமலே பிறப்பவர்களும் உண்டு. 1996இல் ஜப்பானின் யசுஹிரோ இண்டோ குழுவினர், பிறவியிலேயே வலியும் வியர்வையும் இல்லாத குழந்தைகளிடம் ட்ரக்-ஏ மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள். பல் முளைத்ததும் தன் நாக்கையும் விரலையும் தானே கடித்துத் தின்னும் குழந்தைகள் அவை. 2004இல் வட ஸ்வீடனின் ஒரு குடும்பத்தில் புரதத்தின் மரபணுவே பழுதுபட்டிருப்பது தெரிந்தது. அவர்களில் சிலருக்கு இளமையிலேயே மூட்டுகள் சிதைந்தன. என் மாணவி எழுதிய ஒன்றரைப் பக்கத்தை நான் திரும்ப எடுத்துப் படித்தது இந்த இடத்தில்தான். மதிப்பெண்ணை மாற்றவில்லை. மாற்ற முடியாது. ஆனால் வலி என்ற ஒரே சொல் பலத்தையும் நோவையும் சுமக்கத் துணிந்தது வெறும் தற்செயல்தானா என்று வகுப்பில் கேட்டேன்.

*

நான் தேடிக்கொண்டிருந்தது வேறு இடத்தில் கிடைத்தது. 1994இல் லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரை. லண்டனில் பணியாற்றிய பிரவீண் ஆனந்த், மும்பையின் சுனில் பாண்ட்யா முதலிய மருத்துவர்களோடு சேர்ந்து எழுதியது. தொழுநோயாளிகளின் தோலிலும் நரம்பிலும் என்.ஜி.எஃப். வற்றிப்போயிருக்கிறது என்பதுதான் செய்தி. இரண்டே ஆண்டு கழித்து, 1996இல், அதே ஆனந்த் வேறு குழுவினரோடு நேச்சர் மெடிசின் இதழில் எழுதுகிறார்: சர்க்கரை நோயாளிகளின் கால் தோலிலும் அதே புரதம் குறைந்திருக்கிறது.

நான் இதை இரண்டு முறை படித்தேன். ஒரு நோயில் கிருமி நரம்பின் உறைக்குள் குடியேறுகிறது. இன்னொன்றில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நரம்பையும் அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. தொடங்கும் இடம் வேறு, வரும் வழி வேறு. ஆனால் நகக்கண் அளவு தோலைக் கிள்ளி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கம்போளத்து முனையில் உட்கார்ந்திருந்தவரின் தோலிலும் என் அம்மாவின் தோலிலும் இல்லாதது ஒன்றே. இடுப்பு உயரத்திலிருந்து காசு போட்ட கைக்கும் தகரத்தை ஏந்திய கைக்கும் நடுவே அந்த அளவுக்குத்தான் தூரம் இருந்திருக்கிறது.

அப்படியானால் இல்லாததைக் கொடுத்தால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். ஜெனன்டெக் நிறுவனம் நடத்திய பெரிய சோதனையில் 1,019 சர்க்கரை நோயாளிகளுக்கு 48 வாரம் ஊசி போட்டார்கள். 2000இல் முடிவு வந்தது: பயனில்லை. ஊசி போட்ட இடத்தில் வலித்தது என்பதால் அளவைக் கூட்டவும் முடியவில்லை. நரம்பை வாழவைக்கும் பொருள்தான் வலியையும் கூட்டுகிறது. மறதிநோயில் முதலில் அழியும் நரம்பணுக்களில் ஒரு வகை இந்தப் புரதத்தை நம்பியிருப்பவை என்பதால் 2001 முதல் மூளைக்குள்ளேயே அதன் மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. உணர்வற்ற கருவிழிக்குச் சொட்டு மருந்தாக மட்டும் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

எதிர்த்திசையில் நடந்தது இன்னும் விசித்திரம். வலியை ஒழிக்க இந்தப் புரதத்தைத் தடுத்தால் என்ன என்று டனெசுமாப் என்ற மருந்தைச் செய்தார்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வலி உண்மையிலேயே குறைந்தது. சிலருக்கோ வலியில்லாத மூட்டு வேகமாகப் பொடிந்துபோனது. 2010இல் அமெரிக்க அரசு சோதனையை நிறுத்தி வைத்தது. பிறகு கட்டுப்பாடுகளோடு தொடர்ந்தது. 2021 மார்ச்சில் ஆலோசனைக் குழு 19க்கு 1 என்று எதிராக வாக்களித்தது; அந்த ஆண்டே நிறுவனங்கள் மருந்தைக் கைவிட்டன. வேலூரில் பிராண்ட் சாவி திருகும் கைகளைப் பார்த்துச் சொன்னதை, இத்தனை ஆண்டு கழித்து, இத்தனை கோடி செலவழித்து மறுபடி கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ஓர் எரிச்சல். விலங்கியல் நண்பர் என்னைக் கடிந்துகொண்டார். முழங்கால் வலியோடு படியேற முடியாதவரிடம் போய் வலி நல்லது என்று சொல்லிப் பாருங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்.

*

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? புரதம் என்றால் அவளுக்குப் பயறும் முட்டையும். ஒருநாள் மாலை அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். தோலிலிருந்து நரம்புக்கு ஒரு சத்து போகணும், அது அவருக்கும் போகல்ல, உனக்கும் போகல்ல. அவருக்கு வந்தது கிருமியால. அதுக்கு இப்ப மாத்திரை இருக்கு. இந்தச் செருப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

அம்மா நீண்ட நேரம் பேசவில்லை.

"அப்போ அந்த மனுசன் பீடி சுட்டப்போ, அவருக்கு நோவல்ல?"

"நோவல்ல."

"நான் நெனச்சேன், அவருக்கு மானம் இல்லாததால நோவாத்தது போல இருக்காருன்னு."

அவள் அவரை 'அவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. அவருடைய பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவர் எந்த ஆண்டு அந்த முனையிலிருந்து இல்லாமல்போனார் என்பதும் இருவருக்கும் தெரியவில்லை. 2005 டிசம்பரில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாத நாடு என்ற இலக்கை இந்தியா எட்டியதாக அறிவித்தார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இங்கேதான்.

செருப்பை மறுநாள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் மட்டும். தெருவுக்குப் போட இன்னும் இரண்டு மாதம் ஆனது; அதற்கு முன் செருப்பு தைப்பவரிடம் சொல்லிப் பட்டையைத் தவிட்டு நிறமாக்கிக் கொண்டாள். நான் தடுக்கவில்லை. கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது என்பதால், 2023 திருவிழாவுக்குப் படி வரைக்கும் அதில் வந்தாள். கழற்றியதும் தடித்த காலுறை ஒன்றை மாட்டிவிட்டேன். தேருக்குப் பின்னால் நடக்கவில்லை. ஓரமாக ஒரு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாள். கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்கள் வெறும் உடம்போடு வீதியில் விழுந்து எழுந்து போனபோது, "கண்ணாடி கெடந்தா என்ன செய்வாவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது இரவு உணவுக்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பா சவரத்துக்கு வைத்திருந்த சிறிய வட்டக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைப் பிடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கண் மங்கிவிட்டதால் பாதிக்கு மேல் என்னைத்தான் கூப்பிடுவாள். நேற்றும் கூப்பிட்டாள். சுண்டுவிரல் ஓரத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது. குங்குமம்.

"நல்லாப் பாரு மக்களே" என்றாள். "எனக்குத் தெரியாதுல்லா."